பாராளுமன்றக் கேள்வி நேரமும் ஹன்சாட்டும்: நிலாவெளியில் இருந்து ஒரு வருடம் பார்த்தபின் என் மதிப்பீடு

சாப்பாட்டுக் கடைக்கு எழுதுகிறோம், ஹோட்டலுக்கு எழுதுகிறோம், போன் கவருக்குக்கூட பத்துப் பேர் விமர்சனம் எழுதியிருப்பார்கள். எங்கள் வரிக்காசில் நடக்கிற, யாரும் இலவசமாகப் பார்க்கக்கூடிய ஒரு சேவையைப் பற்றி ஒருவரும் எழுதிக் காணவில்லை, அதனால் நானே எழுதுகிறேன். இலங்கைப் பாராளுமன்ற உறுப்பினர்கள் அமைச்சர்களிடம் கேட்கும் வாய்மூலக் கேள்விகளையும், அவற்றைச் சொல்லுக்குச் சொல் அச்சில் தரும் ஹன்சாட்டையும் ஒரு வருடமாக விடாமல் பார்த்துவருகிறேன். எல்லா விடயங்களையும் இல்லை. கல்வி, தேசிய பூங்கா, இந்த இரண்டும் மட்டும்.

ஏன் இந்த இரண்டு என்றால், என் வீடு இந்த இரண்டிலும்தான் நிற்கிறது. மகன் பத்தாம் தரம். இரண்டு தவணை கணித ஆசிரியர் இல்லாமலே போனது. சாதாரண தரப் பரீட்சைக்கு இருக்கும் பிள்ளைக்கு இரண்டு தவணை என்றால் எவ்வளவு என்று பிள்ளை வளர்க்கிறவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ரியூஷனுக்கு அனுப்ப முடிந்தவர்கள் அனுப்பினார்கள், முடியாத வீட்டுப் பிள்ளைகள் அந்தப் பாடவேளையில் மரத்தடியில் இருந்தார்கள். அப்புறம் என் தம்பி. திருகோணமலை மாவட்டத்தில், எங்கள் நிலாவெளிக் கரையிலிருந்து புறாத்தீவுக்குப் படகு ஓட்டுகிறான். கடல் அமைதியாக இருக்கும் மாதங்களில், சித்திரை வைகாசியில் இருந்து புரட்டாதி வரை, அவன் உழைப்பதுதான் மாரிக்கும் சேர்த்துச் சாப்பாடு. அந்தத் தீவு தேசிய பூங்கா. அதைப் பற்றி எடுக்கப்படும் எந்த முடிவும் நேராக அவன் அடுப்புக்கு வரும்.

சரி, எப்படிப் பார்ப்பது. சபை மாதம் முழுக்கக் கூடுவதில்லை, கூடும் வாரங்களில் பெரும்பாலும் செவ்வாயில் இருந்து வெள்ளி வரை. கேள்விகள் காலையிலேயே வந்துவிடும், மத்தியான விவாதத்துக்குக் காத்திருக்க வேண்டாம். நேரலை உண்டு, போனில் பார்க்கலாம், டேட்டாதான் செலவு. நான் சமைத்துக்கொண்டே கேட்பேன். ஆனால் நேரலையைவிட எனக்குப் பயன்பட்டது ஹன்சாட்தான், ஏனென்றால் காதில் விழுந்தது போய்விடும், அச்சில் இருப்பது நிற்கும். முதலில் வருவது "பிழை திருத்தப்படாதது" என்ற குறிப்போடு வரும், பாராளுமன்ற இணையத்தளத்தில் பிடிஎஃப் ஆக இறக்கலாம். பெரிய கோப்பு. போனில் விரலால் தள்ளித் தள்ளிப் படித்தால் கண் போய்விடும், எனவே "வினாக்களுக்கு வாய்மூல விடைகள்" என்ற தலைப்பைத் தேடிப்பிடித்து அந்தப் பக்கங்களை மட்டும் கொமினிகேஷன் கடையில் அச்சு எடுத்துக்கொள்வேன். அதையே உங்களுக்கும் சொல்வேன்.

ஒரு கேள்வி அச்சில் எப்படி இருக்கும் என்று கிட்ட நின்று பார்க்க வேண்டும். முதலில் எண். பிறகு கேட்கும் உறுப்பினர் பெயர், எந்த அமைச்சரைக் கேட்கிறார் என்பது. அடுத்து (அ) என்று ஒரு பகுதி, அதற்குள் (i), (ii), (iii) என்று சிறு சிறு கேள்விகள், எண்ணிக்கை யாது, பெயர்கள் யாவை, திகதி யாது என்று. அவ்வளவும் ஒரே வசனமாக நீண்டு "என்பதை அவர் இச்சபைக்கு அறிவிப்பாரா?" என்று முடியும். கடைசியில் ஒரு எழுத்து போட்டு, தனியாக ஒரு வரி: "இன்றேல், ஏன்?" இந்த இரண்டு சொல்லை முதல் தடவை வாசித்தபோது நான் பக்கத்தைத் திருப்பாமல் கொஞ்ச நேரம் இருந்துவிட்டேன். எங்கள் ஆட்கள் ஒவ்வோர் அலுவலக வாசலிலும் கேட்க நினைத்துக் கேட்காமல் திரும்பி வந்த கேள்வி அது. சொல்லாவிட்டால் ஏன் சொல்லவில்லை என்பதையாவது சொல்லு என்கிறது. சபையில் அது வெறும் வழக்கமான வரியாக இருக்கலாம், எனக்கு அப்படித் தெரியவில்லை.

கேள்வி மூன்று மொழியிலும் அச்சாகும். பதில், அமைச்சர் எந்த மொழியில் சொன்னாரோ அந்த மொழியில். பெரும்பாலும் சிங்களம். சபைக்குள் உறுப்பினர்களுக்கு உடனுக்குடன் மொழிபெயர்ப்பு இருக்கிறது, ஆனால் அது ஹன்சாட்டில் ஏறாது. எங்கள் ஒழுங்கையில் ஓய்வுபெற்ற லிகிதர் ஒருவர் இருக்கிறார், சிங்களம் தண்ணீர் பட்ட பாடு. அச்செடுத்த தாளோடு அவரிடம் போவேன். "பிள்ளை, பேச்சை விடு, இதுக்குள்ள எண் எங்க இருக்கு, அதைக் காட்டு" என்பார் மாமா. பதிலை வாசிக்கும் முறையை எனக்கு அவர்தான் பழக்கினார். முதலில் கேள்வியில் எத்தனை சிறு கேள்விகள் என்று எண்ண வேண்டும். பிறகு பதிலில் எத்தனைக்கு விடை வந்திருக்கிறது என்று எண்ண வேண்டும். விடை வராததைப் பென்சிலால் வட்டம் போட வேண்டும். அந்த வட்டங்கள்தான் அடுத்த கேள்வி.

கல்விக் கேள்விகளுக்கு வருவோம், நான் அதிகம் படித்ததும் இதுதான். என் கண்ணில் பட்டவரை இரண்டு வகைக் கேள்விகள் வருகின்றன. ஒன்று, எங்கள் மாவட்டத்தில் ஆசிரியர் பற்றாக்குறை இருப்பதை அமைச்சர் அறிவாரா என்று கேட்பது. அதற்கு அறிவேன், நடவடிக்கை எடுக்கப்படுகிறது என்று பதில் வந்தால் கதை முடிந்தது, கேட்டவருக்கும் இனிப் பிடிக்க ஒன்றும் இல்லை. மற்றது, இந்தக் கல்வி வலயத்தில், இந்தப் பாடத்துக்கு, அனுமதிக்கப்பட்ட ஆளணி எத்தனை, கடமையில் இருப்பவர் எத்தனை, பாடசாலை வாரியாகப் பட்டியல் தருவாரா என்று கேட்பது. இதற்குப் பதில் சொல்ல அதிகாரிகள் கோப்பைத் திறந்தே ஆகவேண்டும். பதில் நீளமாக இருந்தால் வாசிக்காமல் எழுத்தில் சபாபீடத்தில் வைத்துவிடுவார்கள், அது அட்டவணையாக ஹன்சாட்டில் ஏறும். அந்த அட்டவணைக்கு நிகரான பொருள் வேறு இல்லை, அதைக் கையில் வைத்துக்கொண்டு யாரோடும் கதைக்கலாம்.

ஆனால் அதற்குள்ளும் ஒரு பொறி இருக்கிறது, ஆசிரியர் வீடுகளில் எல்லோருக்கும் தெரிந்த பொறி. இணைப்பு. ஒரு டீச்சரின் பெயர் கரையோரக் கிராமப் பாடசாலையின் ஆளணியில் இருக்கும், ஆள் டவுனில் ஒரு பாடசாலையில் தற்காலிக இணைப்பில் படிப்பித்துக்கொண்டிருப்பார். கடதாசியில் வெற்றிடம் இல்லை, வகுப்பில் ஆள் இல்லை. அந்த டீச்சரையும் குறை சொல்ல மாட்டேன், கைக்குழந்தையோடு விடிய நாலரைக்கு எழும்பி இரண்டு பஸ் மாறுகிற வாழ்க்கையை நான் பார்த்திருக்கிறேன். என் மகனின் வகுப்பில் நடந்ததும் இதேதான், பாடசாலையின் பெயர் வேண்டாம். எனவே "எத்தனை ஆசிரியர்கள் இருக்கிறார்கள்" என்ற கேள்விக்கு வரும் விடை பொய்யாகாது, ஆனால் எங்களுக்கு உதவாது. "அவர்களில் வேறு பாடசாலைகளுக்கு இணைப்புச் செய்யப்பட்டவர்கள் எத்தனை பேர், எந்தத் திகதியில் இருந்து" என்று ஒரு (iv) சேர்த்தால்தான் உண்மை வெளியே வரும். இந்த (iv)ஐச் சேர்க்கத் தெரிந்த உறுப்பினருக்கும் தெரியாதவருக்கும் உள்ள தூரம், உரத்துப் பேசுகிறவருக்கும் மெதுவாகப் பேசுகிறவருக்கும் உள்ள தூரத்தைவிட மிகப் பெரியது. யூடியூபில் வெட்டி ஓடவிடுவது உரத்த பேச்சை மட்டும்.

அடுத்தது மத்திய அரசா மாகாணமா என்ற சிக்கல். நாட்டில் பத்தாயிரத்துச் சொச்சம் அரச பாடசாலைகள். அவற்றில் மத்திய கல்வி அமைச்சின் கீழ் நேராக வரும் தேசிய பாடசாலைகள் 400க்கும் குறைவு. மிச்சம் எல்லாம் மாகாணப் பாடசாலைகள், 1987ஆம் ஆண்டின் 13ஆவது அரசியலமைப்புத் திருத்தத்தோடு மாகாண சபைகளின் கைக்குப் போனவை. திருகோணமலை, மூதூர், கிண்ணியா, கந்தளாய், திருகோணமலை வடக்கு என்று எங்கள் மாவட்டத்தில் ஐந்து வலயங்கள், அவற்றுக்குள் கிராமத்துப் பிள்ளைகள் படிப்பது பெரும்பாலும் மாகாணப் பாடசாலையில்தான். ஆகவே அந்தப் பாடசாலைகளைப் பற்றிய கேள்வியை மாகாண சபையில்தான் கேட்க வேண்டும். மாகாண சபை எங்கே? கிழக்கு மாகாண சபையின் காலம் 2017 செப்டெம்பர் 30ஆம் திகதியோடு முடிந்தது. அதற்குப் பிறகு தேர்தலே நடக்கவில்லை. ஆளுநரும் அதிகாரிகளும் நடத்துகிறார்கள். அவர்கள் நன்றாக நடத்தினாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி, எழுந்து நின்று "அறிவிப்பாரா? இன்றேல், ஏன்?" என்று கேட்கத் தெரிவுசெய்யப்பட்ட ஓர் ஆள் அங்கே இல்லை. அந்தச் சபை கூடிய ஊர் எங்கள் திருகோணமலைதான், நிலாவெளியில் இருந்து பஸ்ஸில் போய் மத்தியானத்துக்குள் திரும்பி வரலாம். அது மூடிக்கிடக்க, கணித டீச்சரைப் பற்றிக் கேட்க நாங்கள் தியவன்னா ஓயாக் கரையில் இருக்கும் பாராளுமன்றம் வரை போகவேண்டியிருக்கிறது. 225 பேர் இருக்கும் சபையில் எங்கள் மாவட்டத்துக்கு 4 ஆசனம். எனக்கு இதில் உள்ள கோபத்தை மறைக்க மாட்டேன். 2017இல் முதலாம் தரத்துக்குப் போன பிள்ளை இன்று மேல்வகுப்பில் இருக்கிறது, அதன் பாடசாலையைப் பற்றி மாகாணத்தில் ஒரு கேள்விகூட முறையாகக் கேட்கப்படாத காலத்தில் அது வளர்ந்திருக்கிறது.

இலவசக் கல்வியே இப்படியான ஒரு சபையில் இருந்து வந்தது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். சுதந்திரத்துக்கு முந்திய அரசாங்க சபைக் காலத்தில், 1931இல் இருந்து 1947 வரை கன்னங்கரா கல்வி அமைச்சராக இருந்து, வருடக்கணக்கில் எதிர்ப்புகளுக்குப் பதில் சொல்லிச் சொல்லித்தான் 1945 ஒக்டோபரில் அது நடைமுறைக்கு வந்தது. என் அம்மம்மா கையெழுத்துப் போடத் தெரிந்தவராக இருந்ததற்கு அதுதான் காரணம்.

இனிப் பூங்கா. இதை வாசிக்கும் வெளியூர் ஆட்களுக்காகச் சொல்கிறேன். புறாத்தீவு, புறாமலை என்றும் சொல்வோம், நிலாவெளிக் கரையில் இருந்து ஏறக்குறைய ஒரு கிலோமீற்றர் தூரம். பெரியது ஒன்று சிறியது ஒன்று, இரண்டு துண்டு. வெள்ளைக்காரர் காலத்தில் சுட்டுப் பழகும் இடமாக வைத்திருந்தார்கள். 1963இல் சரணாலயம் ஆக்கினார்கள், 2003இல் தேசிய பூங்கா, சுற்றியுள்ள கடலையும் சேர்த்து 471 ஹெக்டயர். முழங்கால் தண்ணீரில் இருந்தே முருகைக்கல், அதாவது பவளப்பாறை, தொடங்கும். செட்டை நுனி கறுத்த சிறு சுறாக்கள் காலுக்குக் கிட்டவாகவே போகும், ஒன்றும் செய்யாது. 1998இல் கடல் சூடேறித் தெற்கே ஹிக்கடுவ போன்ற இடங்களில் முருகைக்கல் வெளுத்துச் செத்தபோது எங்கள் பக்கம் பெரும்பாலும் தப்பியது. அப்படித் தப்பியதை மனிதக் கால் மிதித்துச் சாகவிடுகிறோமோ என்பதுதான் என் தம்பியின் கவலை, என் கவலையும்.

சரணாலயம் வேறு, தேசிய பூங்கா வேறு. இது சட்டத்தில் பெரிய வித்தியாசம், 1937ஆம் ஆண்டின் தாவர விலங்குகள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தில் இருப்பது. சரணாலயத்துக்குள் தனியார் காணியும் இருக்கலாம், மனிதர் வாழ்க்கை ஓரளவு தொடரலாம். தேசிய பூங்கா முழுக்க அரசுக்குரியது, அனுமதிச் சீட்டு இல்லாமல் கால் வைக்க முடியாது, மீன் பிடிக்க முடியாது. அதாவது 2003இல் மாறியது ஒரு பெயர்ப்பலகை மட்டுமில்லை, என் அப்பாவின் வயதுக்காரர்கள் வலை போட்ட தண்ணீர் ஒரு வர்த்தமானி அறிவித்தலோடு மூடப்பட்டது. அது பிழையான முடிவு என்று நான் சொல்ல வரவில்லை. முருகைக்கல் இல்லாவிட்டால் மீனே இல்லை என்று எனக்குத் தெரியும், தம்பிக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். மூடியபோது என்ன சொல்லப்பட்டது, அதில் எவ்வளவு செய்யப்பட்டது என்று கேட்பவர்கள் குறைவு என்பதுதான் என் முறைப்பாடு.

உண்மையில் தேசிய பூங்காக்களைப் பற்றிய கேள்விகளில் நான் பார்த்தவை பெரும்பாலும் யானையில் முடிகின்றன. அது நியாயம்தான், எங்கள் மாவட்டத்திலேயே சேருவில, கந்தளாய்ப் பக்கம் இரவில் வயல் காவலுக்குப் போகிறவர்கள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு போகிறார்கள், மகாவலிக் கரையில் 1986இல் தேசிய பூங்காவான சோமாவதி எங்கள் எல்லையில்தான் கிடக்கிறது. ஆனால் கடலுக்குள் இருக்கும் பூங்கா வேலி உடைத்து வெளியே வராது, யாருடைய வீட்டையும் இடிக்காது, அமைதியாகச் செத்துப்போகும். அதனால் அதைப் பற்றிக் கேட்க யாருக்கும் அவசரம் இல்லை.

இன்னொன்று, பூங்காக் கேள்வியை யாரிடம் கேட்பது என்பதே அடிக்கடி மாறிவிடுகிறது. பூங்காக்களை நடத்தும் வனசீவராசிகள் திணைக்களம் ஒரு காலத்தில் சுற்றுலாத்துறையோடு ஒரே அமைச்சின் கீழ் இருந்தது, 2018, 2019 பக்கம். பிறகு வனப் பாதுகாப்போடு தனி அமைச்சு. 2024 தேர்தலுக்குப் பிறகு சுற்றாடல் அமைச்சு. கல்விக்கு இந்தத் தொல்லை கொஞ்சம் குறைவு, கல்வி அமைச்சர் என்று ஒருவர் எப்போதும் இருப்பார். பழைய ஹன்சாட்டில் பூங்காவைப் பற்றித் தேடுகிறவர்கள் அமைச்சின் பெயரை வைத்துத் தேடாதீர்கள், பூங்காவின் பெயரை வைத்துத் தேடுங்கள். "புறாத்தீவு" என்றும் தேடவேண்டும், "பீஜன் ஐலண்ட்" என்பதை ஆங்கில எழுத்திலும் தேடவேண்டும்.

இனிப் பதில் வரும் வேகம். சில கேள்விகளுக்கு அமைச்சர் சார்பில் ஒருவர் எழுந்து, பதில் தயாரிக்கக் கால அவகாசம் வேண்டும் என்பார். உடனே ஹன்சாட்டில் ஒரு வரி விழும்: "வினாவை மற்றொரு தினத்திற் சமர்ப்பிக்கக் கட்டளையிடப்பட்டது." இந்த வரி எனக்கு இப்போது மனப்பாடம். சில நேரம் அவகாசம் நியாயமானது, ஐந்து வலயத்தின் பட்டியலை ஒரு கிழமையில் கூட்டி எடுக்க முடியாது என்று எனக்கு விளங்கும். ஆனால் ஒரு தவணையில் கேட்ட கேள்வி அடுத்த தவணையில் பதில் பெற்றால் அந்தப் பிள்ளையின் தவணை திரும்பி வராது. இதில் உறுப்பினர்களிடமும் குறை இருக்கிறது. மற்றொரு தினத்துக்குப் போன கேள்வியைத் துரத்திப் பிடிக்கிறவர் சிலர், மறந்துபோகிறவர் பலர். பதில் வந்தபின் மேலதிகக் கேள்வி கேட்க வாய்ப்புக் கிடைக்கும், அதுதான் உயிரான இடம், அமைச்சர் தாளை விட்டுவிட்டு நிமிர்ந்து பார்க்கும் இடம். அந்த இடத்தில் பதிலில் விடுபட்டதைக் கேட்காமல் புதிதாக ஒரு பேச்சைத் தொடங்கினால், மாமா தாளை மடித்து மேசையில் வைத்துவிடுவார்.

கேள்வி நேரம் தவிர வேறு வழிகளும் இருக்கின்றன, சுருக்கமாகச் சொல்கிறேன். வரவுசெலவுத் திட்டத்துக்குப் பிறகு குழுநிலை விவாதத்தில் ஒவ்வோர் அமைச்சுக்கும் ஒரு நாள் வரும், கல்வி அமைச்சின் நாளில் ஊர்ப் பிரச்சினையைச் சொல்லாத உறுப்பினர் இல்லை, ஆனால் நிமிடக் கணக்கில் ஓடும் பேச்சுகள், பதில் பொதுவாக வரும். துறைசார் மேற்பார்வைக் குழுக்களில் அதிகாரிகளையே நேரில் கூப்பிட்டுக் கேட்பார்கள். திணைக்களக் கணக்குகளைப் பார்க்க, கோபா என்கிற அரசாங்கக் கணக்குகள் குழு. தனிப்பட்ட அநீதி என்றால் ஓர் உறுப்பினர் ஊடாகப் பொதுமனுக்கள் குழுவுக்கு எழுதலாம். இவை எல்லாவற்றையும்விட எனக்குக் கைகொடுத்தது 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம். விண்ணப்பத்துக்குப் பதினான்கு வேலைநாளுக்குள் தருவார்களா இல்லையா என்ற முடிவைத் தகவல் அலுவலர் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் மேன்முறையீடு, அதற்கும் மேலே ஆணைக்குழு. தமிழில் எழுதலாம்.

கைகொடுத்த கதை இதுதான். பெற்றோர் சேர்ந்து ஒரு கடிதம் எழுதினோம், எங்கள் பிள்ளைகளின் எதிர்காலம் பாழாகிறது, தயவுசெய்து கவனமெடுங்கள் என்று ஒரு பக்கம், நாற்பது கையெழுத்து. ஓர் உறுப்பினரின் அலுவலகத்தில் கொண்டுபோய்க் கொடுத்தோம். அங்கே இருந்த இளம் பொடியன் மரியாதையாக வாசித்துவிட்டு, "அக்கா, இதில் எல்லாம் சரி, ஆனால் இதை வைத்து சேர் கேள்வி போட முடியாது, எண் ஒன்றும் இல்லையே" என்றான். எங்களோடு வந்த ஒரு தாய் அழுதேவிட்டார், நாற்பது பேர் கையெழுத்து வைத்தது எண் இல்லையா என்று. எனக்கும் அந்த நேரம் முகம் சுருங்கிவிட்டது. வீட்டுக்கு வந்து ஹன்சாட் தாள்களை விரித்துப் பார்த்தபோதுதான் அவன் சொன்னது சரி என்று தெரிந்தது. கேள்வி என்பதற்கு விதி இருக்கிறது, அதற்குள் வாதம் இருக்கக்கூடாது, அபிப்பிராயம் இருக்கக்கூடாது, தகவல் கேட்க வேண்டும். எங்கள் கடிதத்தில் அபிப்பிராயம் மட்டும்தான் இருந்தது. பிறகு தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் ஆளணியையும் இணைப்பையும் கேட்டு வாங்கினோம். முதல் பதில் அரைகுறை, மேன்முறையீட்டில் மிச்சம் வந்தது. அதைக் கேள்வி வடிவத்தில், (அ) (i) என்று, மாமா சொல்லச் சொல்ல நான் எழுதிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். பொடியன் வாங்கிப் பார்த்துவிட்டு "இதை அப்படியே போடலாம் அக்கா" என்றான். இன்னும் சபைக்கு வரவில்லை. ஒவ்வோர் அமர்விலும் அன்றைய நிகழ்ச்சி நிரலான ஒழுங்குப் பத்திரத்தைத் திறந்து எங்கள் வலயத்தின் பெயர் இருக்கிறதா என்று தேடுகிறேன்.

அப்போ என் மதிப்பீடு. சேவையின் அமைப்புக்கு ஐந்துக்கு நாலரை கொடுப்பேன், ஏனென்றால் ஒரு மீனவக் கிராமத்துப் பெண் கேட்கிற எண்ணை ஓர் அமைச்சர் சபையில் எழுந்து சொல்லி அது அச்சில் நிரந்தரமாக ஏறுகிற வழி வேறு எங்கும் இல்லை. பதில் வரும் வேகத்துக்கு இரண்டு. பதிலின் மொழிக்கு இரண்டு, கேள்வியை மூன்று மொழியில் அச்சடிக்க முடிந்தால் பதிலையும் முடியும், குறைந்தது அட்டவணைகளையாவது. உறுப்பினர்களின் கேள்வித் தரத்துக்கு, ஆளுக்கு ஆள் மாறும், சராசரியாக மூன்று. யாருக்குப் பயன்படும் என்றால் பாடசாலை அபிவிருத்திச் சங்கங்களில் இருப்பவர்களுக்கு, படகுச் சங்கக்காரர்களுக்கு, உயர்தரத்தில் அரசியல் விஞ்ஞானம் படிக்கும் பிள்ளைகளுக்கு. அவசரமாக ஒரு வேலை ஆகவேண்டும் என்கிறவர்களுக்கு இது சரிவராது, பொறுமை வேண்டும், தாள்களைத் திகதிப்படி கோர்த்து வைக்கும் பழக்கம் வேண்டும். என்னிடம் இப்போது இரண்டு கோப்பு இருக்கிறது, நீலம் கல்வி, பச்சை பூங்கா.

பச்சைக் கோப்புக்குத்தான் இனி வேலை. போன ஞாயிறு தம்பி கரைக்கு வந்து படகை இழுத்துவிட்டு நேரே வீட்டுக்கு வந்தான், காலில் மண்ணோடு. நங்கூரம் விழுந்து உடைந்த முருகைக்கல் துண்டுகளைத் தண்ணீருக்குள் கண்டதாகச் சொன்னான், கையை விரித்து இவ்வளவு அகலம் என்று காட்டினான். எங்கள் படகுக்காரர்களும் இதில் பொறுப்புத்தான் என்று அவனே சொன்னான், ஆனால் கட்டுவதற்கு மிதவை இருந்தால் யார் நங்கூரம் போடப்போகிறார்கள் என்றும் கேட்டான். படகுக் கூலி படகுக்காரருக்கு, நுழைவுச் சீட்டுக் காசு திணைக்களத்துக்கு, வெளிநாட்டவருக்குச் சீட்டு எங்களுடையதைவிடப் பல மடங்கு. அந்தக் காசில் இந்தத் தண்ணீருக்கு என்ன திரும்பி வருகிறது என்று இரண்டு பேரும் இருந்து யோசித்து, தேநீர் ஆறிப்போகும் வரை எழுதியது கீழே இருக்கிறது. மாமா இரண்டு சொல் திருத்தினார். அடுத்த கிழமை கொண்டுபோய்க் கொடுக்கிறேன், உங்கள் ஊரில் பூங்கா இருந்தால் பெயரை மாற்றிவிட்டு நீங்களும் கொடுக்கலாம்.

(அ) (i) புறாத்தீவு தேசிய பூங்காவுக்குக் கடந்த மூன்று ஆண்டுகளில் விற்கப்பட்ட நுழைவுச் சீட்டுகளின் எண்ணிக்கை, உள்நாட்டவர், வெளிநாட்டவர் எனத் தனித்தனியாக யாது;

(ii) அவற்றால் ஒவ்வோர் ஆண்டிலும் கிடைத்த வருமானம் யாது;

(iii) அவ்வருமானத்தில் அப்பூங்காவுக்கே செலவிடப்பட்ட தொகை, வேலை வாரியாக யாது;

(iv) படகுகள் நங்கூரமிடாமல் கட்டுவதற்கெனப் பொருத்தப்பட்ட மிதவைகள் எத்தனை, அவற்றுள் தற்போது பாவனையில் உள்ளவை எத்தனை;

(v) அங்கு அனுமதிக்கப்பட்ட அலுவலர் ஆளணி எத்தனை, அவர்களில் வேறிடங்களுக்கு இணைப்புச் செய்யப்பட்டவர்கள் எத்தனை பேர் என்பதை அவர் இச்சபைக்கு அறிவிப்பாரா?

(ஆ) இன்றேல், ஏன்?